கலாச்சாரம் என்கிற கங்காணி

1

அரியக்குடி என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு மூன்று விஷயம் ஞாபகத்துக்கு வரும். தென்திருப்பதி என்று பேர் வாங்கிய திருவேங்கடமுடையான் கோயில். இன்றைய கச்சேரி முறைக்கு வரிசை வகுத்தவர் என்று சங்கீத உலகம் கொண்டாடுகிற ராமானுஜ அய்யங்கார் (1890-1967). அப்புறம் பித்தளைக் குத்துவிளக்கு. கோயில், பாட்டு, விளக்கு மூன்றுக்கும் 'கலாச்சாரம்' என்று பெயர். காரைக்குடியை ஒட்டியிருக்கிற இந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும் கண்மாயில் மடை திறந்தவன், செத்த மாட்டைத் தூக்கினவன், எழவு சொல்லப் போனவன், செட்டியார் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு சுமந்தவள் செய்ததெல்லாம் வெறும் வேலை. அதுக்குக் கலாச்சாரம் என்று யாரும் பேர் வைக்கவில்லை.

அந்தக் குத்துவிளக்கு இன்றைக்கு எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் எந்தப் பன்னாட்டுக் கம்பெனி திறந்தாலும் வாசலில் ஒரு விளக்கு நிற்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு மெழுகுவர்த்தியால் திரியைப் பற்றவைப்பார். கைதட்டுவார்கள். இந்தியக் கலாச்சாரத்தை மதித்துவிட்டார். உள்ளே இன்னொரு அறையில் புது ஆட்களுக்குப் பயிற்சி நடக்கும். "அமெரிக்கக்காரன் கண்ணைப் பார்த்துப் பேசுவான், நீயும் அப்படியே பேசு. மேனேஜரை சார் சார்னு கூப்பிடாதே, பேரைச் சொல்லு. முடியாத வேலையை முடியாதுன்னு சொல்லிப் பழகு." ஏன் இதெல்லாம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது? இந்தியன் ஏன் கண்ணைப் பார்ப்பதில்லை, ஏன் முடியாது என்று சொல்வதில்லை? பயிற்சி கொடுப்பவரிடம் பதில் தயாராக இருக்கும். "அது நம்ம கலாச்சாரம்."

இந்தப் பதிலைத்தான் நாம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. உலகமயம் வந்த பிறகு வேலைத்தலத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பேசுகிற புத்தகங்கள், வகுப்புகள், பயிற்சிகள் எல்லாமே இந்த ஒற்றைச் சொல்லின் மேல் நிற்கின்றன. ஜப்பானியனுக்கு ஒரு கலாச்சாரம், ஜெர்மானியனுக்கு ஒரு கலாச்சாரம், இந்தியனுக்கு ஒரு கலாச்சாரம். நாடு விட்டு நாடு போகும்போது இவை மோதும், அதைச் சமாளிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் கணக்கில் சாதி என்கிற வார்த்தை மட்டும் ஏன் வருவதில்லை என்பதுதான் நம் கேள்வி.

2

மேலாண்மைப் படிப்பில் இதற்கென்று ஒரு வேதப்புத்தகம் உண்டு. ஹாலந்துக்காரரான கீர்த் ஹாஃப்ஸ்டீட் 1980-ல் வெளியிட்டது. 1967-லிருந்து 1973 வரை ஐ.பி.எம். கம்பெனி பல நாடுகளிலும் இருந்த தன் ஊழியர்களிடம் நடத்திய கருத்துக் கணிப்புதான் அவருக்கு மூலப்பொருள். சுமார் 1,16,000 படிவங்கள். மேலதிகாரியின் கருத்தை மறுத்துப் பேச ஊழியர்கள் எவ்வளவு தூரம் பயப்படுகிறார்கள் என்பது அதில் ஒரு முக்கியமான கேள்வி. வந்த பதில்களைக் கூட்டிக் கழித்து நாட்டுக்கு நாடு மார்க் போட்டார். 'அதிகார இடைவெளி' என்று அதற்குப் பெயர். கீழே இருப்பவன் தன் கீழ்நிலையை எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்கிறான் என்பதற்கான அளவுகோல். இந்தியாவுக்கு 77. அமெரிக்காவுக்கு 40. இந்த 77 இன்றுவரை பாடப் புத்தகங்களில் இருக்கிறது. நம் பிள்ளைகள் மேலாண்மைப் படிப்புக்குப் போனால் இதை மனப்பாடம் பண்ணித்தான் பாஸாகிறார்கள்.

1967-ல் இந்தியாவில் ஐ.பி.எம். அலுவலகத்துக்குள் போகக்கூடியவர் யார்? ஆங்கிலப் படிப்பு, நகரத்து வீடு, சிபாரிசு செய்ய ஒரு மாமன் மச்சான் உள்ளவர். தனியார் கம்பெனியில் நமக்கு இடஒதுக்கீடு அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அந்த மேல்சாதி குமாஸ்தாவும் என்ஜினியரும் தங்கள் மேலதிகாரியிடம் எப்படிக் குழைந்தார்கள் என்பதை அளந்துவிட்டு, அதற்கு 'இந்தியா' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். இது முதல் மோசடி.

இரண்டாவது இன்னும் பெரியது. படிவம் நிரப்பப்பட்ட அதே ஆண்டுகளில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வெண்மணிச் சனங்கள் தங்கள் கீழ்நிலையை 'இயல்பாக ஏற்றுக்கொண்டவர்கள்' இல்லை. முதலாளியின் கருத்தை மறுத்துப் பேசினார்கள், சங்கம் வைத்துப் பேசினார்கள், அதற்காகவே எரிக்கப்பட்டார்கள். குமாஸ்தா வாயைத் திறந்தால் பிரமோஷன் போகும். கூலிக்காரன் வாயைத் திறந்தால் குடிசை போகும். இரண்டு பயத்தையும் ஒரே தராசில் போட்டுக் கலாச்சாரம் என்று எடை சொல்ல முடியுமா? 77 என்கிற மார்க்கில் பயம் தெரிகிறது, பயமுறுத்துகிறவன் தெரியவில்லை. தடியை வைத்திருப்பவனை மறைத்துவிட்டு, குனிந்த முதுகை மட்டும் படம் பிடித்து, 'இவர்கள் குனியும் இனம்' என்று எழுதுவதற்குப் பெயர்தான் கலாச்சார ஆராய்ச்சி.

3

உலகமயம் 1991-ல் மன்மோகன் சிங் பட்ஜெட்டோடு பிறந்தது என்று பேசுவது நம் ஊர்ப்பக்கத்துக்குச் சரிப்படாது. செட்டிநாடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உலகமயமானது. பர்மா, இலங்கை, மலேயா, சைகோன், சுமத்ரா என்று நகரத்தார் லேவாதேவி பரவியிருந்தது. சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை 1859-லேயே கட்டிவிட்டார்கள். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1650 செட்டியார் கடைகள். உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தபோது, பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் 6 சதவீதமாக இருந்த அவர்களுடைய நிலம் அந்தப் பத்தாண்டின் கடைசியில் 25 சதவீதம் ஆனது. ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்கும் பதித்த வீடுகள் இந்தக் கணக்கிலிருந்து எழுந்தவை.

அந்தக் கடைகளுக்குள் வேலை எப்படி நடந்தது? கிட்டங்கி என்று சொல்வார்கள். நீளமான கூடம், பாய், ஆளுக்கொரு சாய்ப்புப் பெட்டி. சின்ன வயதில் கப்பலேறி வந்த பையன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேலே அடுத்தாள், அதுக்கும் மேலே மேலாள், ஏஜெண்ட். மூன்று வருஷத் தவணை. முன்பணம் வாங்கிக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவன் தவணை முடிந்து ஊருக்கு வருவான். லாபத்தில் பங்கும் உண்டு. முதலாளி செட்டிநாட்டில் உட்கார்ந்திருப்பார், கணக்கு தபாலில் வரும். இங்கிலீஷ் பாங்குக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். எழுத்துப் பத்திரம் பெரிசாக ஒன்றும் இல்லாமல் இவ்வளவு பணம் எப்படிப் புரளுகிறது? நம்பிக்கை என்றார்கள், நாணயம் என்றார்கள், செட்டிநாட்டுப் பண்பாடு என்றார்கள். அந்த நம்பிக்கைக்கு வேலி சாதிதான். நம்பத் தகுந்தவன் என்றால் நம்மாள் என்று அர்த்தம். ஏமாற்றினவனுக்கு ஊரில் பெண் கிடைக்காது, கோயிலில் மரியாதை கிடைக்காது. சாதிக் கட்டுப்பாடு பத்திரத்தின் வேலையைச் செய்தது.

அதே கப்பலின் மேல்தட்டில் இன்னொரு கூட்டமும் போனது. ராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சி, வட ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து மண்வெட்டி பிடிக்கவும் ரப்பர் சீவவும் போன சனம். அதில் நம்மவர்கள் பெரும் பங்கு. அவர்களைக் கூட்டிப்போனவன் கங்காணி. ஊரில் ஆள் பிடிப்பவனும் அவனே, தோட்டத்தில் வேலை வாங்குபவனும் அவனே, கடன் கொடுப்பவனும் அவனே. ஆள் எத்தனை வேலைக்கு இறங்கியதோ அத்தனைக்குத் தலைக்காசு வாங்குபவனும் அவனே. வெள்ளைக்கார துரை ஏன் இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டான்? 'சுதேசிகளின் வழக்கம், நாம் அதில் தலையிடக் கூடாது' என்றான். உண்மையான காரணம் காசு. ஊரில் இருந்த மேல்-கீழ் அப்படியே கப்பலேறி வந்துவிட்டால் சூப்பர்வைசருக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டாம், போலீசுக்குச் செலவு பண்ண வேண்டாம். மதராஸ் கூலி சாதுவானவன், சொன்னதைக் கேட்பவன் என்று துரைமார் எழுதிவைத்தார்கள். அன்றைக்குத் துரை எழுதிய 'சாது' என்கிற சர்ட்டிபிகேட்டுக்குத்தான் பிற்பாடு பேராசிரியர் 77 என்று மார்க் போட்டார்.

ஒரே ஜில்லா, ஒரே கப்பல், ஒரே மொழி. ஒருவனுக்குக் கலாச்சாரம் மூலதனமாக வேலை செய்தது. இன்னொருவனுக்கு அதுவே கங்காணியாக வந்து முதுகுக்குப் பின்னால் நின்றது. 'தமிழர் கலாச்சாரம்' என்று மொத்தமாகச் சொல்லும்போது இந்த இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

4

வெளியே போய் வந்தவன் மாறாமல் வருவானா? மாறித்தான் வந்தான். அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. நம்மவர்கள் எழுதிவைத்த சாட்சி அல்ல, நம்மை அடக்கியவர்கள் எழுதிவைத்தது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர் நாட்டார் கூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 ஜூனில் அது பதினொன்று ஆனது. ஜே.எச். ஹட்டன் 1946-ல் வெளியிட்ட சாதி பற்றிய புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது. சட்டை, பனியன், கோட்டுப் போடக் கூடாது. கிராப்பு வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் இருக்கக் கூடாது. 1931 பட்டியலில் தேவேந்திரகுல வேளாளர் பெயரும் சேர்ந்தது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டை மேய்க்க வேண்டும். வாரத்துக்கு நிலம் எடுத்து உழக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் குறைந்த விலைக்கு விற்றுவிட வேண்டும். காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணி வரை வேலை. கூலி ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா. மீறினவர்களின் குடிசை எரிந்தது, தானியம் நாசமானது, ஆடுமாடு கொள்ளை போனது.

இதை ஒரு 'சமூக வழக்கம்' என்று படிப்பது தப்பு. நேரம், கூலி, உடை, ஒழுங்கு, தண்டனை எல்லாம் அடங்கிய வேலைத்தல விதிமுறை இது. இன்றைய கம்பெனிகளில் சேருகிறவனிடம் கையெழுத்து வாங்குகிற நடத்தை விதித் தொகுப்புக்கு எங்கள் ஜில்லாவில் முன்னோடி வேண்டுமென்றால் இதுதான். கையெழுத்து வாங்கவில்லை, நெருப்பு வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். யாரும் சட்டை போடாத ஊரில் சட்டைக்குத் தடை வராது. சேரியில் எவரிடமும் நிலம் இல்லாதபோது நிலத்தை விற்றுவிடு என்று உத்தரவு போட மாட்டார்கள். பித்தளைப் பாத்திரம் ஒன்றுகூட இல்லாத வீட்டுக்கு மண்பாண்டச் சட்டம் எதற்கு? தடைப் பட்டியலைத் தலைகீழாகப் படித்தால் நம்மவர்களின் சாதனைப் பட்டியல் கிடைக்கிறது. 1930-க்குள் யாரோ சட்டை போட்டிருக்கிறார்கள், குடை பிடித்திருக்கிறார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பட்டாளத்துக்கும் கடல்தாண்டிய தோட்டத்துக்கும் போய் ரொக்கமாய்க் கூலி பார்த்தவன், யாரும் 'தள்ளி நில்' என்று சொல்லாத நாலு தெருவையாவது பார்த்தவன், ஊருக்குத் திரும்பிப் பழையபடி குனிய மறுத்திருக்கிறான். 'குனிவது எங்கள் கலாச்சாரம்' என்றால் இந்தப் பட்டியலுக்கே அவசியம் வந்திருக்காது. குனிவு தானாக வரவில்லை. அதைத் தீர்மானம் போட்டு, தீ வைத்து உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் ப. சிங்காரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதில் சுமத்ராவின் மெடானுக்குப் போய்க் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டிலும் கிட்டங்கியின் உள் ஒழுங்கை, அந்தப் பேச்சை, அந்தப் பெட்டியடி வாழ்க்கையை இவ்வளவு நுணுக்கமாகத் தமிழில் வேறு யாரும் எழுதவில்லை. 'கடலுக்கு அப்பால்' நாவலில் வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து போருக்குப் போய்த் திரும்புகிறான். முதலாளி தன் மகளை அவனுக்குக் கொடுக்க மறுக்கிறார். துப்பாக்கி தூக்கியவன் இனி இந்தத் தொழிலுக்கு ஆக மாட்டான் என்பது அவர் கணிப்பு. காதல் கதை என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு இது வேலைத்தல நடத்தை பற்றிய கதையாகத்தான் தெரிகிறது. நிமிர்ந்து நிற்கப் பழகிவிட்ட உடம்பு பெட்டிக்கு முன்னால் மடங்காது என்று முதலாளிக்குத் தெரிகிறது. அவர் முட்டாள் இல்லை, சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

ஆனால் சிங்காரத்தின் நாவல்களைப் புலம்பெயர்ந்த தமிழ் வாழ்வின் காவியம் என்று கொண்டாடுகிற விமர்சகர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. கதை பெட்டிக்கு அந்தப் பக்கம், பாயில் உட்கார்ந்தவர்கள் பக்கம் நின்று சொல்லப்படுகிறது. செல்லையாவுக்கு நிமிர்வின் விலை ஒரு கல்யாணம். ராமநாதபுரத்துச் சேரிக்காரனுக்கு அதே நிமிர்வின் விலை வீடு, தானியம், மாடு. அந்த இரண்டாவது நாவலை யாரும் எழுதவில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

5

இயந்திரம் வந்தால் சாதி போய்விடும் என்று நம் இடதுசாரித் தோழர்கள் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரயில்வேயும் நவீனத் தொழிலும் சாதியின் பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று மார்க்ஸ் 1853-ல் எதிர்பார்த்தார். பம்பாய் மில்களில் நடந்தது வேறு. தறியும் நூற்புக் கருவியும் லங்காஷயரிலிருந்து வந்தவை. துணி உலகச் சந்தைக்குப் போனது. ஆனால் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லை. நூல் அறுந்தால் வாயில் வைத்து ஈரப்படுத்திக் கோக்க வேண்டும், நம் எச்சில் பட்ட நூலைப் பக்கத்திலிருப்பவன் தொட மாட்டான். கூலி அதிகமுள்ள பிரிவு அதுதான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் எழுப்பினார். அது கலாச்சாரப் பிரச்சினை, கூலிப் பிரச்சினையை முதலில் பார்ப்போம் என்கிற மாதிரிதான் இருந்தது சங்கத்தின் போக்கு. எச்சிலே கூலியைத் தீர்மானிக்கிற இடத்தில் கலாச்சாரம் வேறு, கூலி வேறு என்று எப்படிப் பிரிப்பது?

முதலாளிக்கு மட்டும் இந்தப் பிரிவினைக் குழப்பம் கிடையாது. எந்தக் கலாச்சாரம் லாபம் தருமோ அதை வைத்துக்கொள்வான். மேற்குத் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்கு நூலும் துணியும் உற்பத்தியாகும்போது என்ன பெயரில் பெண் பிள்ளைகளை எடுத்தார்கள்? 'சுமங்கலித் திட்டம்.' மூன்று வருஷம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய், கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, தாலிக்கும் சீருக்கும் ஆகும். ஆலைக்குள் சேர்ந்த பிள்ளைகளில் தலித் பிள்ளைகள் ஏராளம். இடையில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் அந்தத் தொகை போச்சு. கிட்டங்கி ஏஜெண்டுக்கும் மூன்று வருஷம், இந்தப் பிள்ளைக்கும் மூன்று வருஷம். அவருக்கு முன்பணம், இவளுக்குப் பின்பணம். அவரை நம்பிப் பெட்டியைக் கொடுத்தார்கள், இவளை நம்பாமல் கேட்டைப் பூட்டினார்கள். கூலியைப் பிடித்துவைக்கிற தந்திரத்துக்குச் சுமங்கலி என்று மங்களமாகப் பேர் வைத்தவன் யாராக இருந்தாலும், கலாச்சாரத்தின் பயனை நன்றாக அறிந்தவன்.

சரி, படித்தவர்கள் வேலை பார்க்கிற கண்ணாடிக் கட்டிடத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பேருக்குப் பின்னால் சாதி போடுவதைச் சுயமரியாதை இயக்கம் ஒழித்தது. ஆகவே இங்கே சாதியைக் கண்டுபிடிக்க வேறு வழிகள் வேண்டியிருக்கிறது. நேர்முகத்துக்குப் போய் வந்த எந்தத் தம்பி தங்கச்சியையும் கேட்டுப் பாருங்கள். "நேட்டிவ் எது? அங்க எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்? வீட்ல நான்வெஜ் உண்டா? குலதெய்வம் எது?" வேலைக்கும் குலதெய்வத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கே கேட்க முடியாது. சும்மா பழக்கத்துக்குக் கேட்டேன் என்பார்கள். 2007-ல் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் இது பற்றி ஆய்வுகள் வந்தன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதிப் பெயர்களில் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கு அழைப்புக் குறைவாக வந்தது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் கம்பெனிகளின் ஆளெடுக்கும் அதிகாரிகளிடம் பேசினார்கள். சாதி பார்ப்பதில்லை, திறமைதான் என்றவர்களே 'குடும்பப் பின்னணி' ரொம்ப முக்கியம் என்றும் சொன்னார்கள். இப்போது அதற்கு இன்னும் நாகரிகமாக ஒரு பேர் வந்திருக்கிறது. கம்பெனியின் கலாச்சாரத்துக்குப் பொருந்துவாரா என்று பார்க்கிறார்களாம்.

வேலை கிடைத்து உள்ளே போன பிறகு நடப்பதுதான் எனக்கு ரொம்ப வியப்பாக இருக்கிறது. மேனேஜரைப் பேர் சொல்லிக் கூப்பிடு என்று சொல்லிக்கொடுத்தால் ஒரே வாரத்தில் பழகிக்கொள்கிறான். 'சார்' போய்விட்டது, கண்ணைப் பார்த்துப் பேச வந்துவிட்டது. ஆயிரம் வருஷக் கலாச்சாரம் ஏழு நாளில் கழன்றுவிட்டது. அதே ஆள், மேசை துடைக்க வருகிற, தன் அம்மா வயசுப் பெண்ணை 'ஏய், இங்க வா' என்கிறான். கக்கூசு கழுவுகிறவர்கள் இப்போது 'ஹவுஸ்கீப்பிங்'. பேர் மாறியது, வேலைக்கு வருகிற தெரு மாறவில்லை. அவர்களுக்குக் காண்ட்ராக்ட், தனி லிஃப்ட், தனி டம்ளர். மேலே பார்க்கும்போது அவ்வளவு சுலபமாக மாறுகிற நடத்தை கீழே பார்க்கும்போது மட்டும் கல்லாய் நிற்கிறது. இது கலாச்சாரம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? மாறினால் லாபம் என்கிற பக்கம் மாறுகிறான், மாறினால் நஷ்டம் என்கிற பக்கம் அதற்குக் கலாச்சாரம் என்று பேர் சொல்கிறான்.

கடலைத் தாண்டினாலும் இதே கதைதான். கலிபோர்னியாவில் ஸிஸ்கோ கம்பெனியில் வேலை பார்த்த ஒரு தலித் என்ஜினியரின் புகாரை எடுத்துக்கொண்டு அந்த மாநில அரசுத் துறை 2020 ஜூனில் வழக்குப் போட்டது. இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.க்கு வந்தவர் என்பது சக ஊழியர்களிடம் சொல்லப்பட்டது, புகார் செய்ததும் ஓரங்கட்டப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. கம்பெனி மறுத்தது. சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று கம்பெனியின் ஊழியர் நலப் பிரிவு அவரிடம் சொன்னதாக வழக்கு மனுவில் இருக்கிறது. இரண்டு மேலதிகாரிகள் மீதிருந்த வழக்கை அந்தத் துறையே 2023 ஏப்ரலில் விலக்கிக்கொண்டது, கம்பெனி மீதான வழக்கை விடவில்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர சபை சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிபோர்னியா சட்டசபை அதே மாதிரி ஒரு மசோதாவை நிறைவேற்றியபோது ஆளுநர் 2023 அக்டோபரில் கையெழுத்துப் போட மறுத்தார். அந்த மசோதாவை எதிர்த்தவர்களின் வாதம் என்ன? இது ஒரு சமூகத்தை, அதன் பண்பாட்டைக் குறிவைத்து அவமானப்படுத்துகிறது என்பதுதான். தோட்டத்தில் துரை நமக்கெதிராகப் பிடித்த அதே கேடயம், 'சுதேசி வழக்கத்தில் தலையிடாதே'. இப்போது பிடிக்கிறவர்கள் சுதேசிகளே.

6

அப்படியானால் உலகமயத்தால் நமக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது. ஆனால் யார் கொடுத்தது என்று பார்க்க வேண்டும். கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். லண்டன் மூலதனம், ஜான் டெய்லர் கம்பெனி நிர்வாகம். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போனவர்கள் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் இறங்கினார்கள். கம்பெனி அவர்களுக்குக் கொடுத்தது ரொக்கக் கூலியும், லைன் வீடும், பாறை வெடிப்பும், நுரையீரல் நோயும். ஆனால் ஊர் மிராசுதார் கண்ணுக்கு எட்டாத அந்த இடத்தில் அவர்கள் தாங்களாகவே வேறு ஒன்றைக் கட்டினார்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகையைப் படித்தார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வைத்தார்கள். பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு அவர் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டுக் காப்பாற்றியது தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை. 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஆனால் புத்தகங்கள் இருக்கின்றன. கம்பெனி ஒரு இடைவெளியைத்தான் விட்டது, அதுவும் தெரியாமல் விட்டது. அதற்குள் புகுந்து புதுக் கலாச்சாரத்தை உண்டாக்கியவர்கள் தொழிலாளிகள்.

நம் காலத்திலும் ஒன்று நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். ஆலைக்குள் மேற்பார்வையாளர்களின் தொல்லை பற்றி எத்தனையோ பெண்கள் வெளியே பேச ஆரம்பித்தார்கள். உலகக் கம்பெனிகளுக்கு இருக்கிற அழகழகான நடத்தை விதிகள், ஆண்டுதோறும் வந்துபோகிற ஆடிட்டர்கள் எவராலும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்தது சங்கம். தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு போராடியது. 2022 ஏப்ரலில் ஆலையை நடத்துகிற ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், துணி வாங்குகிற எச் அண்ட் எம் கம்பெனியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் வந்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். பிற்பாடு வேறு வெளிநாட்டு பிராண்டுகளும் சேர்ந்தன. 5000-க்கு மேற்பட்ட தொழிலாளர்களுக்கு இது பொருந்தும்.

அந்த ஒப்பந்தத்தில் என்ன விசேஷம்? பாலியல் தொல்லையோடு சேர்த்துச் சாதி என்கிற வார்த்தையும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. சாதியின் பேரால் இழிவுசெய்தால் அது விதிமீறல். தையல் வரிசையில் வேலை பார்க்கிற பெண்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றுப் புகாரை எழுப்பலாம், பழிவாங்க முடியாது. ஆலை சரிசெய்யாவிட்டால் துணி வாங்குகிற கம்பெனி ஆர்டரைக் குறைக்க வேண்டும், அது கட்டாயம். அதாவது, 'உங்கள் நாட்டுக் கலாச்சாரம் அப்படி, நாங்கள் என்ன செய்ய' என்று வெளிநாட்டுக்காரன் கையைக் கழுவுகிற வழியும் அடைபட்டது, 'எங்கள் கலாச்சாரத்தில் தலையிடாதே' என்று உள்ளூர்க்காரன் மார் தட்டுகிற வழியும் அடைபட்டது. எத்தனை ஆலை இருக்கிற நாட்டில் இது எத்தனாம் பங்கு என்று கேட்டால், ரொம்பச் சின்னப் பங்குதான். ஆனால் எழுத முடியும் என்பது தெரிந்துவிட்டது.

எட்டாவது வரைக்கும் படித்துவிட்டு மிஷினில் உட்கார்ந்த பெண்கள் எழுதவைத்ததை, பெரிய பெரிய பட்டம் வாங்கிக் கண்ணாடிக் கட்டிடத்தில் உட்கார்ந்திருக்கிற நம் பிள்ளைகள் ஏன் எழுதவைக்க முடியவில்லை? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லிருந்து இருக்கிறது. அடித்தால், சாதியைச் சொல்லித் திட்டினால் வழக்குப் போடலாம். நேர்முகத்தில் குலதெய்வத்தைக் கேட்டு அனுப்பிவிட்டதற்கு, இரண்டு வருஷமாகப் பதவி உயர்வைத் தள்ளிப்போட்டதற்குச் சாட்சி எங்கே போய்த் தேடுவது? தனியார் துறையில் இடஒதுக்கீடு என்கிற கோரிக்கையை நாம் விட முடியாது. அதோடு சேர்த்து, ஒவ்வொரு கம்பெனியின் நடத்தை விதியிலும் சாதி என்கிற வார்த்தை இருக்க வேண்டும், புகார் கேட்கிற குழுவில் நம் ஆள் இருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். தனியாளாகக் கேட்டால் வேலை போகும். சேர்ந்துதான் கேட்க முடியும். பெயரைச் சொல்லிக்கொள்ளவே பயப்படுகிற இடத்தில் சேர்வது எப்படி என்பது கஷ்டமான கேள்விதான். திண்டுக்கல் பெண்களுக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு வேலையை இப்போதே தொடங்கலாம். 1930-லும் 31-லும் நமக்கு எதிரான விதிகளை அவர்கள் எழுதிவைத்ததால்தான் இன்றைக்கு நாம் அதைச் சாட்சியாகப் படிக்கிறோம். இன்றைய விதிகள் எழுதப்படுவதில்லை, வாயால் கேட்கப்படுகின்றன. நேர்முகத்தில் உங்களிடம் என்ன கேட்டார்கள், சாப்பாட்டு மேசையில் என்ன சொன்னார்கள், யார் டம்ளரை யார் தனியாக வைத்தார்கள் என்று தேதியோடு எழுதிவையுங்கள். உங்கள் பேர் வேண்டாம். கேட்ட கேள்வி போதும்.